வைகையின் வழியே அருவிக்கு

ஆனி பிறந்து, நம் கடற்கரையில் கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கத் தொடங்கியதும், வெளிநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழுந்தவர், கதவருகே நின்று, ஏதோ குற்றம் செய்யப் போகிறவரைப் போலத் தயங்கிக் கேட்பார்: "குத்தாலம் போயிட்டு வரலாமா, டாக்டர்?" உடன் வந்த மகளோ மருமகளோ, வேண்டாம் என்று சொல்லும்படி அவருக்குப் பின்னால் நின்று சைகை காட்டுவார். இருவருக்கும் பொருந்தும் விடை ஒரே சொல்லில் அடங்குவதில்லை. ஆதலால் இவ்விதழில் அதனைச் சற்று விரிவாகவே எழுத எண்ணினோம்.

நம் மாவட்டத்தில் மலை இல்லை. இராமேசுவரத்துக் கந்தமாதன பருவதம் பெயரளவில்தான் பருவதம். ஏறி நின்றால் கோபுரமும் கடலும் தெரியும் ஒரு மணல்மேடு அது. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழையிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். அதனைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கிவைத்து எஞ்சிய மாதங்களைக் கடத்தும் மக்கள் நாம். குடத்து நீரையும், கண்மாய் நீரையும், கோயிலின் 22 தீர்த்தங்களில் வாளியால் மொண்டு ஊற்றும் நீரையும் அறிந்த நமக்கு, பாறையிலிருந்து ஓயாமல் விழும் நீரின்மேல் ஓர் ஏக்கம் இருப்பது இயல்பே. நெடுநாள் நோயுற்றவர்களிடம் அவ்வேக்கம் இன்னும் கூடுதலாகக் காணப்படுகிறது. பல வாரங்கள் வார்டின் கூரையையே பார்த்துக் கிடந்தவர் அருவியைக் காண விரும்பினால், அதனை வீண் ஆசை என்று ஒதுக்க எங்களுக்கு மனம் வருவதில்லை.

குற்றாலத்தின் புகழ் பெரிது. ஆயினும் நமக்கு உறவான அருவிகள் வேறிடத்தில் உள்ளன. வருசநாட்டு மலைகளில் தோன்றும் வைகை, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் நீளமுடையது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை மாவட்டங்களைக் கடந்து நம்மிடம் வருகிறது. பிற ஆறுகள் கடலைத் தேடிப் போகும்; வைகை நீரோ பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். அந்நீரில் ஒரு பகுதி சுருளி அருவியாய் விழுந்தது. ஒரு பகுதி கும்பக்கரைப் பாறைகளின்மேல் வழிந்தது. ஒரு பகுதி கொடைக்கானல் மலையின் விளிம்பிலிருந்து தலையாறு அருவியாய் இறங்கியது. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையிலிருந்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்ட நீரும் இதனுடன் சேர்கிறது. ஆகவே வைகைக் கரையோடு மேற்கே சென்றால், நம் கண்மாய்க்கு வரும் நீர் பிறக்கும் இடத்தையே கண்டு திரும்பலாம்.

நோயாளருக்கு இவ்வழி ஏற்றது என்று நாங்கள் கருதுவதற்கு வேறு காரணமும் உண்டு. வண்டியிலிருந்து இறங்காமலே காணக்கூடிய அருவியும், சற்று நடந்தால் அடையக்கூடிய அருவியும் இவ்வழியில் உள்ளன. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையும், தேனிக்குச் சற்று முன்னே நெடுஞ்சாலையை ஒட்டியே தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. அருவியின் அழகைப் பற்றி விசாரிப்பவர்கள், அதற்கு மிக அருகில் உள்ள மருத்துவமனை எது என்று பெரும்பாலும் விசாரிப்பதில்லை. அதனை முதலில் விசாரிக்க வேண்டும்.

எங்களுள் ஒருவரின் தாயார், வயது 61, வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாள்கள் டயாலிசிஸ் செய்துகொள்பவர். இராமேசுவரத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, மதுரைக்கு மேற்கே ஒருமுறையும் சென்றறியாதவர். ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலை அவரையும் அழைத்துக்கொண்டு நாங்கள் ஆறு பேர் புறப்பட்டோம். அப்பயணத்துக்கான ஏற்பாடு மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதனை இங்கே சொல்வது, டயாலிசிஸ் செய்துகொள்ளும் பிறருக்குப் பயன்படும்.

வாரம் மும்முறை செய்துகொள்பவர்களுக்கு இரு நாள் இடைவெளி ஒன்று வரும். உடலில் நீரும் பொட்டாசியமும் மிகுதியாகச் சேர்வது அவ்விடைவெளியில்தான்; இதயத்துக்கு ஆபத்து மிகுவதும் அப்போதுதான். "ஒரு தடவை விட்டுவிட்டால் என்ன? வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணி அவ்விடைவெளியை மேலும் நீட்டுவது உயிருக்கே கேடாக முடியும். ஆகவே சனிக்கிழமைக்குரிய டயாலிசிஸைத் தேனியில் செய்துகொள்ள முன்கூட்டியே இடம் கேட்டோம். வெளியூர் டயாலிசிஸ் பிரிவினர் கேட்கும் தாள்கள் சில உண்டு: மஞ்சள் காமாலை பி, சி வைரசுகளுக்கும் எச்.ஐ.வி.க்கும் அண்மையில் செய்த இரத்தப் பரிசோதனை முடிவுகள், கடைசியாகச் செய்த சில டயாலிசிஸ்களின் குறிப்பேட்டு நகல், நோயாளரின் உலர் எடை, ஹெப்பாரின் அளவு, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல். இவை இல்லாமல் நேரில் போய் நின்றால் திரும்ப வேண்டியதுதான். பட்டியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வாங்கினோம். அலைபேசியில் படம் எடுத்து வைத்ததோடு நில்லாமல், தாளாகவும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டோம். மலையடிவாரத்தில் அலைபேசி எப்போது உதவும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

தனுஷ்கோடியிலிருந்து மூணாறு வழியாகக் கொச்சி வரை செல்லும் சாலைக்கு முன்னாளில் தேசிய நெடுஞ்சாலை 49 என்று பெயர். எண்கள் மாறிவிட்டன, சாலை மாறவில்லை. 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்து, மண்டபம், இராமநாதபுரம் தாண்டியதும், பரமக்குடியிலிருந்து வைகை நமக்குத் துணையாக வரத் தொடங்குகிறது. துணை என்றுதான் பெயர். நாங்கள் சென்ற நாளில் அதில் மணலும் சீமைக்கருவேலமுமே இருந்தன. மானாமதுரையில் இறங்கித் தேநீர் அருந்தினோம். அம்மாவுக்குப் பாதிக் குவளை மட்டும். அவருக்கு நாள் முழுமைக்கும் அளந்து கொடுத்த நீர், ஒரு புட்டியில் கோடு போட்டு வைக்கப்பட்டிருந்தது. வழிநெடுகக் கடைதோறும் கிடைக்கும் தேநீரும் அந்தக் கோட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இளநீர் அறவே கூடாது. வெயிலில் களைத்தவருக்கு இளநீர் கொடுப்பது நம்மூர் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யும். வாழைப்பழத்துக்கும் இதுவே பொருந்தும்; தேனிப் பக்கத்தில் சாலையின் இருபுறமும் அதுதான் தொங்குகிறது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, எல்லாரும் இறங்கிச் சற்று நடந்தோம். நெடுநேரம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால், கால் நரம்புகளில் இரத்தம் உறைய இடமுண்டு. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும், புற்றுநோய்க்கு மருத்துவம் பெறுபவருக்கும், நீண்ட நாள் படுக்கையில் இருந்தவருக்கும் இவ்வாபத்து மிகுதி. நிறுத்தும் இடம் கழிப்பறை வசதி உள்ளதாக இருக்க வேண்டும். நீர் பிரிவதற்கான மாத்திரை உட்கொள்ளும் பெண்கள், பயண நாளன்று யாரிடமும் சொல்லாமல் அதனை நிறுத்திவிடுவதுண்டு. கூச்சம்தான் காரணம். அன்று மாலையே மூச்சுத் திணறல் வரக்கூடும். மாத்திரையை எந்நேரத்தில் போட்டுக்கொள்வது என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், நிறுத்தலாகாது. எந்த ஊரில் நல்ல கழிப்பறை உள்ளது என்று முன்பே விசாரித்து வைப்பது வீட்டாரின் கடமை.

மதுரையைக் கடந்து, உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி ஏறும்போதுதான் மலை முதன்முதலாக நெருங்கி வந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. கணவாய் தாண்டியதும், "இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை தேனியில் டயாலிசிஸ் முடிந்து முழு ஓய்வு. ஞாயிறு காலை கம்பம் வழியாகச் சுருளிக்குச் சென்றோம். கம்பத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவு. இருபுறமும் திராட்சைப் பந்தல்கள். எதிரே மேகமலைத் தொடர். 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காடு இது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம், ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் சற்று மேற்பட்டது. ஆகவே சுருளி திறந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு நேரே போய்விடக் கூடாது. யானைகள் அருவிப் பக்கம் வந்தாலும், மலையில் மழை பெய்து நீர்வரத்து கூடினாலும், வனத்துறையினர் அனுமதியை நிறுத்திவிடுவர். புறப்படும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். அடைத்திருந்தால் வாயிற்காவலரிடம் வாதாட வேண்டாம். நோயாளரை வெயிலில் நிறுத்திவைத்துக் கெஞ்சுவதால் யானை நகர்ந்துவிடாது.

நுழைவாயிலிலிருந்து அருவி வரை நடக்க வேண்டியிருக்கிறது. இதய நோயாளரும் மூச்சு நோயாளரும் தம் அளவை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். சமதரையில் அரை மணி நேரம், பேசிக்கொண்டே மூச்சிரைக்காமல் நடக்க முடிகிறதா? இரு மாடிப் படிகளை நெஞ்சில் வலியோ இறுக்கமோ இல்லாமல் ஏற முடிகிறதா? முடியாதெனில், அருவி வரை நடப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசாமல் முடிவு செய்யக் கூடாது. மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆனவர் இவ்வாண்டு வீட்டிலிருப்பதே நன்று. நாங்கள் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிச் சென்றோம். நூறு அடிக்கு ஒருமுறை அம்மாவை அதில் அமர்த்தினோம். வழியில் சென்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்; பார்த்துவிட்டுப் போகட்டும்.

சுருளி அருவி இரு கட்டங்களாக இறங்குகிறது. ஆடி அமாவாசையன்று முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்ய இங்கே பெருங்கூட்டம் கூடும். நம் அக்னி தீர்த்தக் கரையில் கூடுவதைப் போல. அருவியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதன் ஓசை வந்துவிடுகிறது. கடலோசையில் வளர்ந்தவர்களுக்கு அது முதலில் பழகியதாய்த் தோன்றும். சற்று நேரத்தில் வேறுபாடு புலப்படும். அலை நின்று நின்று வரும். அருவிக்கு நிறுத்தம் இல்லை.

இனி, குளிப்பதைப் பற்றி. அருவியைக் காண்பதும் அருவியின் கீழ் நிற்பதும் உடலுக்கு வெவ்வேறு செயல்கள். எங்களிடம் கேட்பவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கேட்பதால்தான் வீட்டார் அஞ்சித் தடுக்கின்றனர். குளிர்ந்த நீர் திடீரென உடம்பில் விழும்போது தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் ஏறுகின்றன. மூச்சு ஒரு கணம் திகைத்து இழுக்கிறது. நலமுள்ளவருக்கு இது களிப்பு. இதயக் குழாய் அடைப்புள்ளவருக்கும், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கும் இது பெருஞ்சுமை. மேலும், உயரத்திலிருந்து விழும் நீருக்கு எடை உண்டு. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர் அதனடியில் தலையைக் கொடுத்தால், கை மரத்துப்போகும் அளவுக்குத் துன்பம் நேரலாம். கண்புரை அறுவை செய்து சில வாரங்களே ஆனவர், செவிப்பறையில் ஓட்டையுள்ளவர், ஆறாத புண் உள்ளவர், மாவுக்கட்டுப் போட்டிருப்பவர் ஆகியோர் அருவியிலிருந்து விலகியே நிற்க வேண்டும். வலிப்பு நோயுள்ளவர் மருந்தைத் தவறாமல் உட்கொண்டாலும், அருவியிலோ அதன் கீழுள்ள தடாகத்திலோ இறங்குவதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை.

டயாலிசிஸ் நோயாளரில், கழுத்திலோ மார்பிலோ குழாய் பொருத்தப்பட்டவர் அதன்மீது ஒரு துளியும் படவிடக் கூடாது; அவ்வழியே கிருமி நேராக இரத்தத்துக்குச் செல்லும். சாரல் தெறிக்கும் இடத்துக்கும் போகலாகாது. கையில் ஃபிஸ்டுலா அமைக்கப்பட்டவர் அக்கையால் கம்பியைப் பற்றித் தொங்குவதோ, கூட்டத்தில் அக்கையை யாரும் இழுக்கவிடுவதோ கூடாது; முந்தைய நாள் ஊசி குத்திய இடமும் நனையாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு ஃபிஸ்டுலா இடக்கையில் இருந்தது. அருவியிலிருந்து சற்றுக் கீழே, ஓடை தவழ்ந்து செல்லும் இடத்தில், நாற்காலியைப் போட்டுக் கால்களை மட்டும் நீரில் வைக்கச் செய்தோம். பத்து நிமிடம் என்று நாங்கள் கணக்கிட்டிருந்தோம். அரை மணி நேரம் ஆயிற்று. வலக்கையால் நீரை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டார். "இதுதான் நம்ம பெரிய கண்மாய்க்கு வருதா?" என்றார். சுருளியாறு முல்லையாற்றோடு சேர்ந்து வைகையில் கலந்து, வைகை அணையில் தங்கி, மதுரை வழியாக வரும் கதையை எங்களுள் ஒருவர் விளக்கினார். "வர்ற வழியில எத்தனை பேருக்குக் குடுத்துட்டு வரணும், அதான் நம்மகிட்ட வரும்போது இளைச்சுப் போவுது" என்றார் அம்மா. பாசனப் பொறியாளர்கள் இதனை மறுப்பார்களா என்பது ஐயமே.

நீரிழிவு உள்ளவர் இங்கே அஞ்ச வேண்டியது அருவியை அன்று, பாறையை. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கல் குத்தியதும் கண்ணாடி கிழித்ததும் தெரியாது. பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பை நீரிலும் கழற்றாமல் அணிந்திருக்க வேண்டும். அறைக்குத் திரும்பியதும் விரலிடுக்குகளைத் துடைத்து, வெளிச்சத்தில் பாதத்தைப் பார்க்க வேண்டும்; தாமே குனிந்து பார்க்க இயலாதவருக்குப் பிறர் பார்த்துச் சொல்ல வேண்டும். நடையும் குளியலும் சேர்ந்து சர்க்கரையைத் தாழ்த்திவிடலாம். குளிர்ந்த நீரில் உண்டாகும் நடுக்கமும் சர்க்கரை தாழ்ந்த நடுக்கமும் ஒன்றுபோல் தோன்றும் என்பதால், ஐயம் எழுந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோசோ கொடுத்துவிடுவது நலம். இன்சுலினைப் பூட்டிய வண்டிக்குள் விட்டுச் செல்லக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டி அடுப்பாகிவிடும். பனிக்கட்டியின் மேலும் நேரடியாக வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. ஈரத் துணி சுற்றிய சிறு மண்கலயத்துக்குள் வைத்துக் கையோடு கொண்டு செல்லலாம். மானாமதுரை மண்பாண்டத்துக்கு இதைவிட நல்ல வேலை உண்டா?

திங்களன்று வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறினோம். நடக்கவே இயலாதவருக்கு நாங்கள் பரிந்துரைப்பது இச்சாலையையே. டம்டம் பாறை என்னுமிடத்தில் வண்டியை நிறுத்தினால், பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில் தலையாறு அருவி வெள்ளை நூலாகத் தொங்குவதைக் காணலாம். எலிவால் அருவி என்றும் அதற்குப் பெயர். உயரம் ஏறத்தாழ 975 அடி. தமிழ்நாட்டிலேயே மிக உயரமானது. அதன் நீர் மஞ்சளாற்றில் சேர்ந்து வைகைக்கு வருகிறது. இன்னும் மேலே, கொடைக்கானலுக்கு எட்டுக் கிலோமீட்டர் முன்னே, சாலையோரத்திலேயே வெள்ளி அருவி, 180 அடி. சக்கர நாற்காலியில் இருப்பவர்கூட வண்டிக்குள் அமர்ந்தபடியே அதன் சாரலைக் கன்னத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அங்குள்ள குரங்குகள் தின்பண்டப் பையை நோயாளரின் பை, மற்றவர் பை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மருந்துப் பையும் தின்பண்டப் பையும் வேறு வேறாக இருக்கட்டும். குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்பு நீரால் கால்மணி நேரம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடத் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகக் கிடைக்கிறது.

மூச்சு நோயாளருக்கு ஒரு சொல். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, நம் கடற்கரையில் கிடைப்பதில் முக்கால் பங்கினும் சற்றே கூடுதல், அவ்வளவுதான். வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்பவரும், இரத்தச் சோகை மிகுந்தவரும் மலை மேல் ஏறாமல், அடிவாரத்துச் சுருளியோடும் கும்பக்கரையோடும் நிறுத்திக்கொள்ளலாம். கும்பக்கரை பெரியகுளத்துக்கு அருகில் உள்ளது. பாறை வழுக்கும். நாங்கள் அங்கே இறங்கவில்லை. வளைந்து செல்லும் மலைச்சாலையில் குமட்டல் வருபவர் முன்னிருக்கையில் அமர்ந்து, தொலைவில் பார்வையை வைத்துக்கொள்வது உதவும். குமட்டல் மாத்திரையை ஆண்சுரப்பி வீக்கம் உள்ளவரும், கண் நீரழுத்த நோயுள்ளவரும் தாமே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். சிறுநீர் அடைத்துக்கொள்ளவும், கண்ணழுத்தம் கூடவும் இடமுண்டு. கொடைக்கானல் செல்லும் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் பெறும் நடைமுறை வந்துள்ளது, முன்பே பதிந்துகொள்க.

இத்தனைக்குப் பின்னும் "குத்தாலம்தான்" என்பவர்கள் இருப்பார்கள். அவர்களைக் குறை கூற மாட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியே தென்காசி செல்லும் சாலையே மலையை ஒட்டிய அழகிய பாதை. பேரருவியின் நீர் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து வந்தாலும், இடையில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பின்னரே குளிப்பவர் மேல் விழுகிறது. ஆயினும் சாரல் பருவத்துக் கூட்டநெரிசல் நோயாளருக்கு உகந்ததன்று. ஞாயிறு தவிர்த்து, விடியற்காலையில் செல்வது நலம். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்து வெள்ளம் வந்துவிடலாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அவ்வாறு வந்த திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். நீரின் நிறம் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் வரத் தொடங்கினாலோ, ஓசை மாறினாலோ, காவலர் விசிலுக்குக் காத்திராமல் வெளியேற வேண்டும். விரைந்து நடக்க இயலாதவரை எப்போதும் வெளியேறும் வழிக்கு அருகிலேயே அமர்த்துவது இதன்பொருட்டுத்தான்.

உணவைப் பொறுத்தவரை, நாம் கட்டிக்கொண்டு போகும் புளியோதரையும் ஊறுகாயும் கருவாட்டுப் பொரியலும் சுவையானவை. கெட்டுப்போகாமல் இருப்பதற்குக் காரணமே அவற்றிலுள்ள உப்பு. இதய வீக்கமும் சிறுநீரக நோயும் உள்ளவருக்கு அதே உப்பு தாகத்தையும் வீக்கத்தையும் கொண்டுவரும். இட்லியும், உப்புக் குறைத்த தேங்காய்த் துவையலும் முதல் வேளைக்குப் போதும். செங்கோட்டைப் பக்கத்துப் பார்டர் பரோட்டாவைப் பற்றி எங்கள் உணவியல் பிரிவினரின் கருத்தை இங்கே அச்சிட இயலாது.

உடன் செல்வோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயணம் முழுவதும் நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் மகளே சமைப்பவராகவும், பை தூக்குபவராகவும், கடைசியில் அருவியைப் பாராமலே திரும்புபவராகவும் ஆகிவிடுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். எங்கள் பயணத்தில் முறை வகுத்துக்கொண்டோம்: எந்நேரமும் ஒருவர் அம்மாவுடன் நனையாமல் இருப்பார், மற்றவர்கள் குளிக்கலாம், அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறும். அம்மாவை நாள்தோறும் கவனிக்கும் மருமகளுக்கு அன்று முறையே கிடையாது என்று முடிவாயிற்று. அவர் சுருளியில் மூன்று முறை குளித்தார். வண்டி ஓட்டுபவர் இரவில் உறங்கியவராக இருக்க வேண்டும். மருத்துவமனையில் இரவு விழித்த மகன் மறுநாள் மலைச்சாலையில் வண்டி ஓட்டலாகாது.

திங்கள் இரவு ஊர் திரும்பினோம். செவ்வாய் காலை டயாலிசிஸுக்கு முன் எடை பார்த்தபோது, அம்மாவுக்கு வழக்கமாக அந்த இடைவெளியில் கூடும் அளவே கூடியிருந்தது. கோடு போட்ட புட்டி தன் வேலையைச் செய்திருந்தது.

பயணம் செல்ல விரும்புவோர் புறப்படுவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பாக வெளிநோயாளர் பிரிவில் சொன்னால், நோயின் சுருக்கமும் மருந்துப் பட்டியலும் எழுதித் தருவோம்; டயாலிசிஸ் நோயாளர் மூன்று வாரம் முன்பாகச் சொல்ல வேண்டும். மருந்துகளை, பயண நாள்களுக்கு மேல் மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். வழியில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் எது நேர்ந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். ஊர் திரும்பி நம்மிடம் வந்து காட்டலாம் என்று காத்திருக்கக் கூடாது.

காட்டுப் பகுதிக்குச் சென்று வந்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், மருத்துவரிடம் "அருவிக்குப் போயிருந்தோம்" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உண்ணிக் காய்ச்சல் புதரிலுள்ள சிறு பூச்சி கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் வலியில்லாத கருத்த பொருக்கு ஒன்று இருக்கும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ மறைந்திருப்பதால் நோயாளரே அதனைக் கண்டிருக்க மாட்டார். சொன்னால்தான் தேடிப் பார்ப்போம். கண்டுபிடித்துவிட்டால் எளிய மாத்திரையிலேயே குணமாகும்.